கடற்கரை வீட்டை மூடித் தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கை: பில்லில் இருந்த வேலை வீட்டில் இல்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே இருக்கும் கடற்கரையூர்களான மார்கேட், உவோங்கோ, ஸ்காட்பர்க் பக்கம் விடுமுறை வீடு வைத்திருக்கும் நம் ஆட்கள் அவசியம் படிக்க வேண்டிய பதிவு இது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கோ டர்பனுக்கோ திரும்பிவிடுகிறோம். மறுபடி கதவைத் திறப்பது ஈஸ்டர் சமயத்தில், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டித்தான். இந்த இடைவெளிக்கு "வீட்டை மூடித் தரும் பேக்கேஜ்" என்று ஒரு சேவை விற்கிறார்கள். எங்களிடம் 4,600 ராண்ட் வாங்கிய நிறுவனம் பட்டியலில் இருந்த அத்தனை வரிக்கும் டிக் போட்டு, போட்டோவும் அனுப்பியது. ஈஸ்டருக்குத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் செய்யவே இல்லை. செய்ததிலும் சில வேலைகள் செய்யாமலே விட்டிருந்தால் தேவலை என்னும் அளவுக்கு இருந்தன. பணம் திரும்ப வரும்வரை பெயரை எழுதப்போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள், எதைப் பார்த்தால் தெரியும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பில்லிலேயே பெரிய தொகை கீசருக்கு. "150 லிட்டர் கீசர் சர்வீஸ், ஆனோடு மாற்றம், மின் இணைப்புத் துண்டிப்பு" என்று எழுதியிருந்தது. கீசர் கூரைக்குள் இருக்கிறது. மேலே ஏற ஒரே வழி நடைவழியில் இருக்கும் சீலிங் மூடி. அந்த மூடியையும் சட்டத்தையும் சேர்த்துப் போன வருஷம் பெயிண்ட் அடித்தது. ஈஸ்டருக்கு வந்து பார்த்தபோது ஓரத்தில் பெயிண்ட் தோல் நாலு பக்கமும் ஒட்டியபடியே இருந்தது, ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. யாரும் ஏறவே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஏறியிருந்தாலும் பில்லில் போட்ட நேரம் போதாது. ஆனோடு என்பது தொட்டித் தண்ணீருக்குள் நிற்கும் மெக்னீசியம் கம்பி. தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காமல் தானே கரைந்துபோவது அதன் வேலை. இங்கே படுக்கை வாட்டில் வைக்கும் பெரும்பாலான கீசர்களில் அது தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்டோடு ஒரே தகட்டில்தான் இருக்கும். அதைக் கழற்ற வேண்டுமானால் மின்சாரத்தை நிறுத்தி, குளிர்நீர் வால்வை மூடி, தொட்டியை வடிக்க வேண்டும். 150 லிட்டர் வடியவே அரை மணிக்கு மேலாகும். பிறகு போல்ட்டுகளைக் கழற்றி, கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டை எடுத்துப் புதியது வைத்து, தண்ணீர் நிரப்பி, கசிவு பார்க்க வேண்டும். கைதேர்ந்த பிளம்பருக்கே ஒன்றரை இரண்டு மணி நேர வேலை. நம்மிடம் வந்தவர்கள் மொத்த வீட்டுக்கும் போட்டிருந்த நேரம் 50 நிமிடம். வேறு பிளம்பரை வைத்துத் திறந்தபோது உள்ளே இருந்தது கரைந்து நடுக்கம்பி மட்டும் மிஞ்சிய பழைய ஆனோடு. இனிமேல் யாரிடம் கொடுத்தாலும், கழற்றிய பழைய கம்பியையும் கேஸ்கெட்டையும் கையில் வாங்கிக்கொண்டுதான் பணம் கொடுங்கள்.

கீசர் பிரேக்கரையும் அணைக்கவில்லை. இதில் வந்த நஷ்டம்தான் பெரிசு. ஆளில்லாத வீட்டிலும் 150 லிட்டர் கீசர், சூடு ஆறுவதை ஈடுகட்டவே ஒரு நாளைக்கு 2 முதல் 3 யூனிட் தின்னும். பிரீபெய்ட் மீட்டரில் 450 யூனிட் ஏற்றி வைத்திருந்தது. நீச்சல்குளப் பம்பு 0.75 கிலோவாட், தினம் 6 மணி நேரம் ஓடினால் 4.5 யூனிட், அலாரம், மின்வேலி, ரவுட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு யூனிட். இந்தக் கணக்குக்கு 80 நாள் தாங்கும். கீசர் சேர்ந்ததும் தினம் 8 யூனிட் ஆகி, எட்டாவது வாரத்தில் மீட்டர் காலி. மின்சாரம் போனதும் அலாரமும் மின்வேலியும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மாறும். அது சில மணி நேரம் தாங்கும், மிஞ்சினால் ஒரு நாள். அதன்பின் மூன்று வாரத்துக்கு மேல் வீட்டுக்குக் காவலே இல்லை. திருட்டுப் போகாதது அம்மன் கருணை. குளம் பச்சைக் குட்டையாகிவிட்டது. கொசுப் புழு நெளிந்துகொண்டிருந்தது. குளோரினும் பாசிக்கொல்லியும் போட்டு, வடிகட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவித்தான் தெளிய வைக்க முடிந்தது.

நம் வீட்டுப் பழைய மீட்டரில் காசு கட்டி வாங்கும் டோக்கன் எண்ணைத் தூரத்திலிருந்து ஏற்ற முடியாது, யாராவது விசைப்பலகையில் 20 இலக்கங்களைத் தட்ட வேண்டும். ஆகவே பூட்டுகிற அன்று மிச்சம் எத்தனை யூனிட் என்பது முக்கியம். ரொம்ப நாள் ஆளில்லாத வீடுகளில் இன்னொன்றையும் பாருங்கள்: நாட்டின் பிரீபெய்ட் மீட்டர்களுக்கெல்லாம் 2024 நவம்பர் 24-க்குள் புதிய குறியீடு ஏற்றச் சொல்லியிருந்தார்கள். ஏற்றாமல் விட்ட மீட்டர் புது டோக்கனை ஏற்காது.

தண்ணீர் விஷயத்தில் அவர்கள் மூடியது வீட்டுக்குள் போகும் குழாயின் அடைப்பு வால்வை (ஸ்டாப்காக்) மட்டும். தோட்டக் குழாயும் வெளிக் குளியலறையும் அதற்கு முன்னாலேயே பிரிகின்றன. தெற்குக் கடற்கரையில் குழாய்த் தண்ணீர் நின்று நின்று வருவது எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் நின்ற நேரத்தில் யாரோ வெளிக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். தண்ணீர் திரும்ப வந்ததும் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சரியான முறை இதுதான்: தெருவோர மீட்டர் பெட்டியில் இருக்கும் வால்வை மூடி, வீட்டின் தாழ்ந்த குழாயைத் திறந்து அழுத்தத்தை வடித்து, பிறகு எல்லாக் குழாயையும் இறுக்கி மூட வேண்டும். மூடுவதற்கு முன், குழாய் எதையும் திறக்காமல் மீட்டர் எண்ணை எழுதி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கடைசிச் சிவப்பு எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியின் வாஷர்தான்.

கீசர் தொட்டியைக் கடற்கரையில் வடிக்க வேண்டாம், நிறைந்தே இருக்கட்டும். உறைபனி விழும் அண்டர்பர்க், ஹிமிவில் பக்கம் குளிர்காலத்துக்கு மூடுகிறவர்களுக்குத்தான் தொட்டியையும் குழாய்களையும் வடிக்கும் வேலை. திரும்பி வந்ததும் முதலில் தண்ணீரைத் திறந்து, சுடுநீர்க் குழாயில் காற்று துப்புவது நின்று தண்ணீர் சீராக வரும்வரை ஓடவிட்டு, அதன்பிறகுதான் பிரேக்கரைப் போட வேண்டும். தொட்டி காலியாக இருக்கும்போது போட்டால் எலிமெண்ட் கருகிவிடும். மாதக்கணக்கில் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லீஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி பெருகும். தண்ணீர் 60 டிகிரி வரை சூடேறிய பிறகு, ஜன்னல்களைத் திறந்துவைத்து ஷவரை ஓடவிட்டு, அப்புறம் குளியுங்கள்.

அலமாரிகளில் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை வைத்திருந்தார்கள், அதற்குத் தனிக் கட்டணம். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. காற்றின் ஈரத்தை இழுத்து உப்புநீராக மாறும். நம் கடற்கரைக் கோடையில் சில வாரத்திலேயே நிரம்பிவிடும். ஆள் இருந்தால் கொட்டிவிட்டு மாற்றலாம், மூன்று மாதத்துக்கு ஆகவே ஆகாது. ஒன்று சாய்ந்து கொட்டியதில் சிப்போர்டு அடித்தட்டு அப்பளமாய் உப்பிவிட்டது. மடித்து வைத்திருந்த காஞ்சிப்பட்டின் ஜரிகை கறுத்துவிட்டது. அந்த உப்புநீர் தானாகக் காயாது, துடைத்துக் கழுவினால்தான் போகும். அலமாரிக் கதவுகளை அகலத் திறந்து விடுவதும், மெத்தைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்துவதும், சுவரின் காற்றுத் துளைகளை அடைக்காமல் விடுவதும் காசில்லாமல் ஆகிற வேலை, அதைச் செய்யவில்லை. ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள், உள்ளே முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. சோடா உப்புத் தண்ணீரில் துடைத்து, மடித்த துண்டைச் செருகிக் கதவைத் திறந்தபடி நிறுத்த வேண்டும்.

காற்றோட்டத்துக்கு என்று கழிப்பறை மேல்ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. குரங்குகள் இருக்கிற ஊர் இது. ஒரு கை நுழையும் சந்து போதும் அவற்றுக்கு. அடுப்படியில் அரிசி டப்பா வரை கவிழ்த்திருந்தன. சிங்க், ஷவர், தரைத் துளைகளில் நீர் வற்றிச் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் வெகுநாள் வற்றாது.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன், மோசடி வெளிப்பட்டது அதில்தான். அனுப்பிய ஒரு படத்தில் வாசல் பக்கத்து மாமரம் நிற்கிறது. அந்த மரம் டிசம்பருக்கு முன்பே வெட்டியாயிற்று! வேறொரு தடவை வந்தபோது எடுத்ததையே திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக வரும் படத்தில் எடுத்த தேதி விவரம் அழிந்துவிடும். "டாக்குமெண்டாக அனுப்புங்கள்" என்று கேட்டால் மூலக் கோப்பே வரும், தேதி நேரம் அதில் இருக்கும். தண்ணீர் மீட்டர் எண், பிரீபெய்ட் மீட்டரின் மிச்ச யூனிட், அணைத்த பிரேக்கர்கள் தெரியும் மின்பெட்டி (டிபி போர்டு), மூடிய காஸ் சிலிண்டர் வால்வு, இந்த நாலும் இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பல பாலிசிகளில் வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்கும் தண்ணீர்ச் சேதத்துக்கும் ஈடு கிடையாது, அல்லது முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அலாரம் வேலை செய்வது நிபந்தனையாக இருந்தால், மீட்டர் காலியான அந்த மூன்று வாரத்துக்கு நம் கோரிக்கை நிற்காது.

பணத்தைக் கேட்கும் வழி: 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54-ஆம் பிரிவு. சேவை தரமாக இல்லையென்றால் குறையைச் சரிசெய்யச் சொல்லவோ, பணத்தில் நியாயமான பகுதியைத் திரும்பக் கேட்கவோ உரிமை உண்டு. எழுத்தில் கேட்டு 14 நாள் கெடு கொடுங்கள். அசையாவிட்டால் 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே வக்கீல் வைக்க முடியாது, நிறுவனத்தின் மீதும் தனிமனிதர் வழக்குப் போடலாம். சீலிங் மூடியின் பெயிண்ட் ஓரம், பழைய ஆனோடு, மாமரப் படம், மீட்டர் எண்கள் எல்லாவற்றையும் பில்லோடு சேர்த்து வைத்தாயிற்று. வேறு பிளம்பரிடம் எழுத்தில் அறிக்கையும் வாங்கியாயிற்று.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பூட்டின் உருளையை மாற்றுங்கள், அலாரம் எண்ணையும் கேட் ரிமோட்டின் பதிவையும் அன்றே அழித்துப் புதிதாகப் போடுங்கள். புதுப் பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டாம், கடற்காற்று மணலைக் கொண்டுவந்து அதில் ஒட்டிவிடும்; கிராஃபைட் தூள் போடுங்கள்.