பிபிசி மைக்ரோ மாடல் பி: வகுப்பறைக்கென்றே செய்த கணினி

சுவிட்சைப் போட்டதும் ஒரு பீப் சத்தம், அடுத்த நொடியே பேசிக் என்ற நிரல்மொழி தயார். பூட் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், லாகினும் கிடையாது. பீரியட் தொடங்கி முதல் நிமிடத்திலேயே பிள்ளைகள் ஏதாவது தட்டிப் பார்த்துவிடலாம். பள்ளிக்கான கணினி என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பிரிட்டனில் மக்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்கத் திட்டம் போட்ட பிபிசி, அதற்கேற்ற ஒரு மெஷினைத் தேடிக்கொண்டிருந்தது. கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் அப்போது சின்ன கம்பெனி, புரோட்டான் என்ற அவர்களுடைய அடுத்த கணினி காகிதத்தைத் தாண்டவில்லை. பிபிசிக்குக் காட்ட ஒரு வாரத்துக்குள் ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்ய முடியுமா என்று கேட்டால் யாராக இருந்தாலும் முடியாது என்றுதான் சொல்வார்கள், அதனால் நிறுவனர்களில் ஒருவரான ஹெர்மன் ஹவுசர், பொறியாளர்களான சோஃபி வில்சனிடமும் ஸ்டீவ் ஃபர்பரிடமும் தனித்தனியாகப் போய், மற்றவர் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை பிபிசிக்காரர்கள் வருவதற்குச் சில மணி நேரம் முன்புதான் அது உயிர் பெற்றது! பிபிசி மைக்ரோ என்ற பெயரில் 1981 டிசம்பரில் அறிமுகம். பிரிட்டிஷ் கணினி வாங்கும் பள்ளிகளுக்கு அரசு பாதி விலையைக் கொடுத்ததும் இது பரவ ஒரு பெரிய காரணம்.

சோஃபி வில்சன் எழுதிய பேசிக்குக்காக மட்டுமே இதை வாங்கலாம். அந்தக் காலத்து மற்ற பேசிக்குகளில் நிரல் கொஞ்சம் நீண்டாலே கோட்டூ (வேறு வரிக்குத் தாவும் கட்டளை) என்பதற்குள் சிக்கி எது எங்கே போகிறது என்றே தெரியாது, இதில் ஒவ்வொரு வேலைக்கும் பெயர் வைத்துத் தனி புரொசீஜராக எழுதலாம், அதற்குள் மட்டும் செல்லுபடியாகும் மாறிகளும் உண்டு. ஒரு படி மேலே போக ஆசைப்படும் மாணவர், அதே நிரலுக்குள் சதுர அடைப்புக்குறி போட்டு இதன் பிராசஸரான 6502-க்கு நேராக அசெம்ப்ளி மொழியிலேயே எழுதலாம், வேறு எதையும் வாங்க வேண்டாம்.

குறை என்றால் நினைவகம்தான். மொத்தமே 32 கேபி, அதில் 16 வண்ணம் தரும் மோட் 2 என்ற காட்சி முறைக்குத் திரையே 20 கேபி எடுத்துக்கொள்ளும், சிஸ்டத்துக்கானதும் போக நிரலுக்கு 9 கேபி கூட மிஞ்சாது. 16 கேபி மாடல் ஏ-வில் அந்த மோடே வராது, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பிரேக் கீயை ஃபங்ஷன் கீ வரிசையிலேயே வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை, சின்னப் பிள்ளைகள் கை தவறி அழுத்தி மெஷினை ரீசெட் செய்துவிடுவார்கள். சரி, உடனே ஓல்ட் (OLD) என்று தட்டினால் நிரல் திரும்பி வந்துவிடும்.

அப்புறம், பின்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் உள்ள போர்ட்டுகள். கணினிகளை இணைக்கும் ஈகோநெட் என்ற நெட்வொர்க்குக்குக் கேபிள் இழுத்தால் ஒரு வகுப்பே ஒரு டிஸ்க் டிரைவைப் பகிர்ந்துகொள்ளலாம், டிரைவ் விற்ற விலைக்குப் பள்ளிகளுக்கு அது பெரிய உதவி. ட்யூப் என்ற போர்ட்டில் இரண்டாவது பிராசஸர் ஒன்றை மாட்டலாம். 1985 ஏப்ரலில் ஏக்கார்ன் வடிவமைத்த முதல் ஆர்ம் பிராசஸர் சிப்பை இந்த ட்யூப் வழியாகத்தான் ஓட்டிப் பார்த்தார்கள், இன்று நம் கைப்பேசிகளில் இருப்பது அதே குடும்பம்.

பழைய மெஷினாக இப்போது வாங்குபவர்கள் பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மாற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள், வயதாகிவிட்டதால் அவை அடிக்கடி புகைந்துபோகின்றன. கீபோர்டு பற்றிக் கவலை வேண்டாம், இன்றைக்கும் தட்டச்சு செய்ய அருமையாக இருக்கிறது.