கலங்கல் கடலுக்கு எந்த டார்ச்: குறுங்கற்றையா, அகலக்கற்றையா?

புதுச்சேரி, சென்னைக் கடல்களில் ஸ்கூபா டைவிங் செய்கிறவர்களுக்கு டார்ச் என்பது இரவு டைவுக்கு மட்டும் உரிய கருவி அல்ல. வடகிழக்குப் பருவமழையில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் கொண்டுவந்து கொட்டும் வண்டல் அடங்கும் வரையில், நண்பகல் டைவிலேயே பச்சையும் பழுப்பும் கலந்த மங்கலுக்குள் இறங்க வேண்டியிருக்கும். அத்தகைய நீருக்கென்று ஒரு டார்ச் வாங்க முனைந்தபோது, ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு வகைகள் என் முன் இருந்தன: 10 டிகிரி அளவுக்குக் குறுகிய கற்றையை வீசும் ஸ்பாட் டார்ச், 120 டிகிரிக்கு ஒளியைப் பரப்பும் வீடியோ லைட். பிக்புளூ, ஆர்க்காடார்ச் போன்ற நிறுவனங்கள் இரண்டு வகைகளையுமே தயாரிக்கின்றன. நான் வாங்கியது முதல் வகையை. இந்த அலசலும் அந்தச் சாய்வோடுதான் எழுதப்படுகிறது.

ஆழத் தாங்குதிறன், உடலின் உலோகம், ஒருமுறை சார்ஜ் செய்தால் எரியும் நேரம் ஆகியவற்றில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான் என்னும்போது, 100 மீட்டருக்கும் 150 மீட்டருக்கும் உள்ள வேறுபாடு அட்டைப்பெட்டியில் மட்டுமே பயன்படும். இரண்டு டைவுகளுக்குத் தாங்கும் பேட்டரி இருந்தால் போதும். நடுத்தர விலையில் கிடைக்கும் டார்ச்சுகளில் பெரும்பாலானவை இந்த மட்டத்தைத் தாண்டிவிடுகின்றன.

தேர்வைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: டார்ச்சின் ஒளி, நாம் பார்க்க விரும்பும் பொருளைச் சேர்வதற்கு முன் எவ்வளவு நீரை ஒளியூட்டுகிறது என்பது. கலங்கல் நீரில் பார்வையைக் கெடுப்பது இருட்டு அல்ல, மிதக்கும் துகள்கள். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு வழியே இறங்கும் வெயிற்கற்றைக்குள் மட்டும் தூசி பளிச்சென்று மிதப்பதையும், கற்றைக்கு வெளியே அதே தூசி கண்ணுக்கே தெரியாமல் இருப்பதையும் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நீரில் மிதக்கும் வண்டலும் மிதவை உயிரிகளும் ஒளி படும் இடத்தில் மட்டுமே வெண்திரையாகின்றன. அகலக்கற்றை விளக்கோ, முகமூடிக்கு முன்னால் அரை மீட்டரில் தொடங்கி நம் பார்வைக்கோட்டில் உள்ள துகள்கள் அனைத்தையும் ஒளிரவைத்து அத்திரையை நாமே நெய்துகொள்ளச் செய்கிறது. பொத்தானை அழுத்தி ஒளியைக் கூட்டினால் திரைதான் இன்னும் வெளுக்கும்.

குறுங்கற்றையின் நன்மை ஒளிச்செறிவில் மட்டும் இல்லை, கோணத்திலும் இருக்கிறது. டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் கையைப் பக்கவாட்டில் நீட்டிச் சற்றே உள்நோக்கித் திருப்பினால், மெல்லிய ஒளித்தண்டு நம் பார்வைக்கோட்டைப் பொருளின் அருகில்தான் சந்திக்கும். இடையிலுள்ள நீர் பெரும்பாலும் இருண்டே இருக்கும். நீரடிப் புகைப்படக்காரர்கள் ஸ்ட்ரோப் எனப்படும் ஃபிளாஷ் விளக்குகளை நீண்ட கைகளில் பொருத்திக் கேமராவிலிருந்து விலக்கி வைப்பதன் காரணமும் இதுவே. 120 டிகிரிக்கு விரியும் விளக்கை எவ்வளவு விலக்கிப் பிடித்தாலும் அந்த விலகலைக் கற்றையின் அகலம் விழுங்கிவிடுகிறது.

இங்கேதான் லூமென் எண் நம்மை ஏய்க்கிறது. லூமென் என்பது விளக்கு எல்லாத் திசைகளிலும் தரும் ஒளியின் மொத்தம்; ஒரு திசையில் அது எவ்வளவு செறிவாகச் செல்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. 1,000 லூமென் ஒளியை 10 டிகிரிக் கூம்புக்குள் சீராக அடைத்தால் ஏறத்தாழ 42,000 கேண்டெலா கிடைக்கும். அதே ஒளியை 120 டிகிரிக்குப் பரப்பினால் கிடைப்பது சுமார் 320 மட்டுமே. தட்டையான முன்கண்ணாடி கொண்ட விளக்கின் கற்றை நீருக்குள் ஒளிவிலகலால் குறுகிவிடும் என்பதால் (120 டிகிரி ஏறக்குறைய 80 ஆகும்) இடைவெளி சற்றே சுருங்கும்; ஆயினும் 100 மடங்குக்குக் கீழே வராது. ஆகவே பெட்டியில் 5,000 லூமென் என்று அச்சிட்ட வீடியோ லைட்டை விட 1,000 லூமென் ஸ்பாட் டார்ச் கலங்கலில் தொலைவுக்குக் காட்டுவதில் வியப்பில்லை. பெட்டியில் உள்ள எறிதூரத்தையும் நம்ப வேண்டாம்: ஒரு பரப்பில் விழும் ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் வரையிலான தூரத்தைக் காற்றில் கணக்கிட்டுச் சொல்லும் எண் அது. நான்கு மீட்டர் தெளிவுள்ள நீரில் அதற்குப் பொருளே இல்லை.

குறுங்கற்றை என்று விற்கப்படும் எல்லாமும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சில டார்ச்சுகளில் நடுவே கூர்மையான ஒளிப்புள்ளி இருந்தாலும் அதைச் சுற்றி அகன்ற மங்கல் வட்டம் ஒன்று சிந்திக்கொண்டிருக்கும். காற்றில் இது தொல்லையாகத் தெரியாது. வண்டலில் அந்தச் சிந்தல் ஒளியே திரையாகிவிடும். வாங்குமுன் சோதிக்க எளிய வழி, ஒரு கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பி இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பார்ப்பது. நல்ல கற்றை விளிம்பு தெரியும் ஒரு வெள்ளைக் கம்பியாகத் தொட்டியைக் கடக்கும். சிந்தல் மிகுந்ததோ தொட்டி முழுவதையும் பால் நிறமாக்கிவிடும். கடைக்காரர் முகம் சுளிக்கலாம், ஆனால் இந்தச் சோதனைக்கு ஈடாக எந்த விமர்சனக் காணொளியும் இல்லை.

துணை டைவரோடு தொடர்பு கொள்வதிலும் ஸ்பாட் டார்ச்சே முந்துகிறது. தரையில் மெதுவாக வட்டம் வரைந்தால் நலம். பக்கவாட்டில் நிதானமாக அசைத்தால் கவனி. வேகமாக ஆட்டினால் அவசரம். இந்த மொழியைப் பேச ஒளிப்புள்ளிக்கு விளிம்பு இருக்க வேண்டும். துணைவரின் உருவம் கலங்கலில் மறைந்த பிறகும் அவருடைய ஒளித்தண்டு மணலின் மேல் நகர்வது தெரிந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு நிமிடமும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இருவர் கையிலும் அகலக்கற்றை இருந்தால் யாருடைய ஒளி எது என்றே பிரித்தறிய முடியாது.

அகலக்கற்றை வெல்லும் இடங்களும் உண்டு. காணொளி எடுப்பவர்களுக்கு வேறு வழியில்லை. நடுவில் வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் கருமையுமாக விழும் படத்தை எந்த மென்பொருளும் சீராக்காது. பாறைப் பிளவுக்குள் அரை மீட்டர் தொலைவில் இருக்கும் இறாலையோ விலாங்கையோ நிதானமாகப் பார்ப்பதற்கும் பரந்த மென்மையான ஒளியே இதமானது. அங்கே ஸ்பாட் டார்ச்சை முழு வலுவில் அடித்தால் உயிரியும் மிரளும், நம் கண்ணும் கூசும். எனவே குறுங்கற்றை வாங்குகிறவர்கள் ஒளியைக் கால் பங்குக்கேனும் குறைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. தெளிவு ஒரு மீட்டருக்கும் கீழே போகும் துறைமுக நீரில் எனக்கு அனுபவம் மிகக் குறைவு. கையெட்டும் தொலைவே பார்வையின் எல்லை என்று ஆகிவிட்டால் கற்றையின் அகலம் பெரிதாகப் பொருட்படாது என்றே எண்ணுகிறேன். மஞ்சள் சாயல் ஒளி கலங்கலைத் துளைக்கும் என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கவில்லை: வண்டல் துகள்கள் ஒளியின் அலைநீளத்தை விட மிகப் பெரியவை ஆதலால் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிக்கின்றன.

பராமரிப்பில், என் ஸ்பாட் டார்ச்சில் உள்ளதுபோல் கழற்றி மாற்றக்கூடிய 18650 அல்லது 21700 அளவு லித்தியம் செல் எனக்கு உகந்ததாகப் படுகிறது. உள்ளேயே மூடப்பட்ட பேட்டரி கொண்ட விளக்குகளில் திறப்பதற்கு மூடி இல்லாததால் நீர் புகும் வாய்ப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் சில ஆண்டுகளில் பேட்டரி தளரும்போது விளக்கையே அனுப்பிவைக்க வேண்டியிருக்கும். செல் வாங்கும்போது கொள்ளளவு 9,900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று அச்சிட்ட 18650 கண்ணில் பட்டால் தொடாமல் நகர்ந்துவிடலாம். அந்த அளவில் உண்மையான செல்கள் 3,500ஐ ஒட்டியே நிற்கின்றன. விமானத்தில் உதிரிச் செல்கள் கைப்பையில் மட்டுமே போக வேண்டும்.

நீர் புகாமல் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் விரல்நுனியால் தடவிப் பார்த்து, ஒட்டியிருக்கும் ஒற்றை மயிரையோ மணல்துகளையோ எடுத்துவிட்டு, மினுமினுப்பு வரும் அளவுக்கு மட்டும் சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். அதிகமாகப் பூசினால் அதுவே மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவிட்ச் விஷயத்தில், தலையைத் திருகி ஏற்றும் வகையில் சற்றே தளர்த்தி அணைத்த டார்ச் ஆழத்தின் அழுத்தத்தில் தானே எரியத் தொடங்குவதுண்டு; அதை அணைக்க மேலும் தளர்த்தினால் ஓ-ரிங் விலகி நீர் புகும் ஆபத்தும் உண்டு. காந்த வளைய சுவிட்சில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வளையத்துக்கு அடியில் மணலும் உப்பும் சேர்ந்து இறுகிவிடும். நல்ல நீரில் ஊறவைக்கும்போதே வளையத்தை முன்னும் பின்னும் நகர்த்திக் கழுவ வேண்டும்.

பேட்டரியை இடுப்பில் தனியாகக் கட்டிக்கொண்டு விளக்குத் தலையை மட்டும் புறங்கையில் பொருத்தும் கேனிஸ்டர் விளக்குகளை இரவலாக மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். கை விரல்கள் விடுதலையாக இருப்பது பெரும் வசதிதான். ஆனால் கேபிளும் எடையும் விலையும் சேர்ந்து, குகைகளிலும் ஆழமான கப்பல் சிதைவுகளிலும் இறங்காதவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கத் தோன்றவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை, உருவில் சிறிய, அதே செல்லில் இயங்கும் இரண்டாவது குறுங்கற்றை டார்ச்சுக்குச் செலவிட்டு, பிசிடி என்னும் மிதவைக் கட்டுப்பாட்டுச் சட்டையின் வளையத்தில் மாட்டிக்கொள்வதே என் ஏற்பாடு.