தமிழில் நாவல் எழுத ஸ்க்ரிவனர் 3 எப்படி?

நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வேர்டில் ஒரே கோப்பாகத் தொடங்குகிறார்கள். நூறு பக்கம் தாண்டியதும் அதைத் திறக்கவே மலைப்பாகிவிடுகிறது. ஏழாம் அத்தியாயத்துச் சண்டை நாலாவதில் வந்தால்தான் சரி என்று மனசுக்குத் தெரியும். வெட்டி ஒட்டினால் எது எங்கே போகுமோ என்ற பயத்தில் கை வராது. நாவல் அங்கேயே நின்றுவிடும். நீண்ட படைப்புகளை எழுதுவதற்கான ஸ்க்ரிவனர் என்ற மென்பொருள் உதவுவது சரியாக இந்த இடத்தில்.

இதில் ஒவ்வொரு காட்சியும் தனித் துண்டு. இடப்பக்கப் பட்டியலில் பிடித்து இழுத்தால் இடம் மாறிவிடும். நீண்டுபோன காட்சியை உடைக்க, வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + கே அழுத்தினால் போதும்.

பலகையில் அட்டைகளைக் குத்திவைத்தது போன்ற கார்க்போர்டு திரைக்குப் போனால் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு அட்டை இருக்கும். அதில் ஒரு வரிச் சுருக்கம் எழுதுங்கள். "ஊரில் மழை" என்று எழுதினால் அது காட்சியின் பின்புலம் மட்டுமே. "நனைந்த பத்திரத்தை ராசு தங்கையிடமிருந்து ஒளிக்கிறான்" என்று எழுத முடிந்தால் அங்கே கதை நகர்கிறது. அடுத்தடுத்து நாலு அட்டை முதல் வகையாக இருந்தால், வாசகர் புத்தகத்தை மூடுவது அங்கேதான். எழுதி முடிப்பதற்கு முன்பே இது கண்ணில் படுவது பெரிய லாபம்.

என்னைக் கேட்டால் இதன் உயிரே ஸ்னாப்ஷாட் வசதிதான். திருத்தும் முன் கண்ட்ரோல் + 5 அழுத்துங்கள். அந்தக் காட்சியின் அப்போதைய வடிவம் பத்திரமாகிவிடும். பிறகு பாதியைத் தாராளமாக வெட்டலாம், பிடிக்காவிட்டால் பழையதை மீட்கலாம். மேக் கணினியில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

தினசரி இலக்கு வைக்கும் வசதியும் உண்டு. ஆங்கில எழுத்தாளர்கள் சொல்லும் 1,000 சொல்லை அப்படியே போட்டுக்கொண்டு சோர்ந்துபோகாதீர்கள். "போய்க்கொண்டிருந்தபோது" நமக்கு ஒரே சொல். 300 வைத்துத் தொடங்குங்கள், தாராளமாகப் போதும்.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. முதலாவது, கம்பைல். அச்சுக்கோ பதிப்பகத்துக்கோ கோப்பை வெளியே எடுக்கும்போது மென்பொருள் தன் எழுத்துருவைத் திணிக்கும். தமிழ் எழுத்து பார்க்க ஒரு மாதிரியாக வரும். கம்பைல் திரையிலுள்ள எழுத்துருப் பட்டியலில் நிர்மலா, நோட்டோ போன்ற ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே உள்ளே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் தேடல் வேலை செய்யாது. மூன்றாவதுதான் ஆபத்தானது. ஒரு ஸ்க்ரிவனர் நாவல் ஒற்றைக் கோப்பு அல்ல. பல சிறு கோப்புகள் அடங்கிய ஒரு தொகுப்பு. கிளவுட் ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் திறந்தால் துண்டுகள் குழம்பும். கூகுள் டிரைவ் வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். ஒன்றில் மூடி, ஒத்திசைவு முடிந்த பிறகு மற்றதில் திறங்கள். தானியங்கி நகல்களை மட்டும் ஜிப் வடிவில் கிளவுடில் வையுங்கள்.

மாதச் சந்தா இல்லை, ஒரு முறை வாங்கினால் போதும். ஆனால் விண்டோஸ், மேக், ஐபோன் மூன்றுக்கும் தனித்தனி உரிமம். ஆண்ட்ராய்டுக்கு இல்லாதது உண்மையிலேயே குறை. நம்மில் பலர் அலைபேசியில்தான் எழுதுகிறோம்.

இலவச முன்னோட்டம் 30 நாள், அதுவும் திறந்து பயன்படுத்திய நாட்களுக்கு மட்டுமே கணக்கு. வாரம் இரண்டு நாள் எழுதுகிறவருக்கு 15 வாரம் வரும். பாதியில் நின்ற நாவல் கையில் இருந்தால், காட்சிகளுக்கு நடுவே தனி வரியில் # போட்டுச் சேமியுங்கள். கோப்பு மெனுவில் இம்போர்ட் அண்ட் ஸ்பிளிட் கொடுத்தால், அத்தனையும் தனித்தனித் துண்டாக வந்து நிற்கும். எந்தக் காட்சியில் நின்றீர்களோ அதற்கு அடுத்த அட்டையை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.