காசு கட்டி வாங்கும் வெளிநாட்டுத் தன்னார்வச் சான்றிதழ்: ஏமாறாதீர்கள்

"ரெண்டு வாரம் நேபாளம், கையோடு இன்டர்நேஷனல் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்" என்று ஏஜென்ட் ஆசை காட்டினால் கொஞ்சம் பொறுங்கள். ஏமாற்று பெரும்பாலும் ஒரே பாணியில்தான் நடக்கிறது. கட்டிய பதிவுக் கட்டணம் திரும்பாது. டிக்கெட், இன்சூரன்ஸ் தனி. போய் இறங்கினால் சொன்ன வேலை இருக்காது: சுவருக்கு பெயின்ட், பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு. அதுவும் போன வாரம் வந்தவர் சொல்லிக்கொடுத்த அதே பாட்டு. வேலையைப் பார்த்துத் திருத்த ஆளில்லாத இடத்தில் திறமை எப்படி வளரும்? சான்றிதழில் தேதிகள் மட்டும்தான் இருக்கும்.

"பி.ஆர். (வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை) புள்ளி ஏறும்" என்பது பச்சைப் பொய். புள்ளி பார்த்து பி.ஆருக்கு ஆளெடுக்கும் கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சம்பளம் வாங்கிய வேலைதான் அனுபவம். தன்னார்வப் பணி கணக்கில் வராது.

மருத்துவத்தில் இன்னும் மோசம். தகுதி பெறாத மாணவரை ஊசி போடவும் தையல் போடவும் விடுகிற திட்டங்கள் உண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏ.ஏ.எம்.சி. இதை எதிர்த்து வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் பெருமையாக எழுதினால் அதுவே சீட்டுக்கு வேட்டு வைக்கலாம். மருத்துவர் கூட நின்று பார்த்ததை மட்டும் எழுதுவது எவ்வளவோ மேல்.

அநாதை இல்லத் திட்டம் என்றால் ஒதுங்கிவிடுங்கள். நேபாள இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டார் தரும் காசுக்காகவே ஊரிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களும் அதில் உண்டு. குழந்தை நலத்துறையில் வேலை தேடுபவரின் பயோடேட்டாவில் இந்த அனுபவம் கரும்புள்ளிதான்.

விசாவையும் ஏஜென்ட் பேச்சை நம்பி விடாதீர்கள். தாய்லாந்தில் சம்பளமில்லாத வேலைக்கும் வொர்க் பெர்மிட் வேண்டும்; டூரிஸ்ட் விசாவில் போய் மாட்டினால் உங்கள் பாஸ்போர்ட்டுக்குத்தான் சிக்கல்.

பணம் கட்டுமுன் இமெயிலில் கேளுங்கள்: மேற்பார்வையாளர் யார், அவர் என்ன படித்திருக்கிறார், தினசரி வேலை என்ன, கட்டணத்தில் எவ்வளவு உள்ளூர் அமைப்புக்குப் போகிறது? செய்த பணி, மணி நேரம், மேற்பார்வையாளர் கையொப்பம், அலுவலக இமெயில் நான்கும் சான்றிதழில் வருமா என்றும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். 1970இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய யு.என். வாலன்டியர்ஸ் என்ற தன்னார்வலர் திட்டத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. களப்பணிக்குத் தேர்வானால் மாதப்படி அவர்களே தருகிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அது மோசடி.