டெக்ஸோமா ஏரியில் எட்டு ஆண்டுகள்: உயிர் இரையும் ஒரு வட்டத் தொட்டியும்

எட்டு ஆண்டுகளில் மூன்று தூண்டில் கோல்களை மாற்றிவிட்டேன். ஒரு படகை விற்று வேறொன்று வாங்கிவிட்டேன். 2018இல் வாங்கியபடியே இன்னும் என்னிடம் இருப்பது தூண்டிலில் மாட்டும் சிறு மீன்களை உயிரோடு வைக்கும், 115 லிட்டர் பிடிக்கும் வட்டமான இரைத் தொட்டி ஒன்றுதான். ஸ்ட்ரைப்பர் (striped bass) என்ற மீனைப் பிடிக்கத் தொடங்கும் நண்பர்கள் எந்த ரீல், எந்த நரம்பு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் தொட்டியைப் பற்றித்தான் பேசத் தொடங்குவேன். முள்ளில் மாட்டிய இரை எவ்வளவு துடிப்பாக நீந்துகிறது என்பதே அன்றைய நாளை முடிவு செய்கிறது. அந்தத் துடிப்பு தொட்டித் தண்ணீரில் உருவாகிறது, அல்லது அங்கேயே செத்துப்போகிறது.

நான் இருப்பது டாலஸுக்கு வடக்கே பிளேனோவில். 75ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் டெக்ஸோமா ஏரி வந்துவிடும். ரெட் ஆற்றின் குறுக்கே டெனிசன் அணை 1944இல் கட்டி முடிக்கப்பட்டதால் பிறந்த நீர்த்தேக்கம் அது. டெக்சஸ், ஓக்லஹோமா ஆகிய இரண்டு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. செவுளில் இருந்து வால்வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும் ஸ்ட்ரைப்பர், பிறப்பால் அட்லாண்டிக் கரையோரக் கடல் மீன். முட்டையிட மட்டும் ஆற்றில் ஏறும். அதன் முட்டை அடியில் படியாமல் ஓடும் நீரில் சுமார் இரண்டு நாள் மிதந்துகொண்டே போனால்தான் பொரிக்கும். அதனால்தான் பெரும்பாலான ஏரிகளில் ஆண்டுதோறும் குஞ்சு கொண்டுவந்து விட வேண்டியிருக்கிறது. டெக்ஸோமாவில் 1960களில் விடத் தொடங்கிய மீன்களோ ரெட், வாஷிடா ஆறுகளில் நீளமான ஓட்டம் கிடைத்ததால் தாமாகவே பெருகிவிட்டன. கடலையே பார்க்காத கடல் மீன் கூட்டம் ஒன்று வீட்டிலிருந்து இவ்வளவு அருகில் வாழ்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்தக் கூட்டத்தின் அன்றாடச் சாப்பாடு ஷாட் என்ற வெள்ளி நிறச் சிறு மீன். இங்கே இரண்டு வகை உண்டு. திரெட்ஃபின் ஷாட் சிறியது. வாலில் மஞ்சள் படிந்திருக்கும், கீழ்த்தாடை மேல்தாடைக்குச் சமமாகவோ சற்று முன்னே நீட்டியோ இருக்கும். கிஸ்ஸர்ட் ஷாட் பெரிதாக வளரும். மூக்கு உருண்டு, வாய் சற்றே அடிப்பக்கம் தள்ளியிருக்கும், வாலில் மஞ்சள் இருக்காது. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பிரிக்க எனக்கு ஒரு முழுப் பருவம் பிடித்தது, ஆனால் அது வீண் போகவில்லை. திரெட்ஃபின் குளிர் தாங்காது; தண்ணீர் 7 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கினால் கூட்டமாகச் சாகும். கையில் பிடித்தாலும் சாகும், நெருக்கினாலும் சாகும். கிஸ்ஸர்ட் முரட்டு உயிர். என் அனுபவத்தில் மே முதல் செப்டம்பர் வரை உள்ளங்கை அளவுத் திரெட்ஃபினுக்கு எண்ணிக்கையில் அதிக மீன் கிடைக்கிறது. பெரிய மீன் வேண்டுமென்றால் குளிர்காலத்தில் ஒரு சாண் நீளக் கிஸ்ஸர்ட். கிழக்குக் கடற்கரைக்காரர்களுக்கு மென்ஹேடன் என்ற மத்தி போன்ற மீனும் விலாங்கும் அந்த இடத்தில் இருக்கின்றன. 2011இல் கிரெக் மயர்சன் லாங் ஐலண்ட் சவுண்டில் பிடித்த 81.88 பவுண்டு உலகச் சாதனை மீன் எடுத்தது உயிருள்ள விலாங்கைத்தான்.

ஷாட்டைத் தூண்டில் போட்டுப் பிடிக்க முடியாது, வீச்சுவலைதான் வழி. டெக்சஸில் வீச்சுவலையின் விட்டம் 14 அடியைத் தாண்டக் கூடாது. அதாவது, இங்கே கடைகளில் ஆரத்தை வைத்து ஏழடி வலை என்று விற்பதுதான் உச்சம். நான் முதலில் நாலடி வலை வாங்கினேன். கற்றுக்கொள்ள நல்லது, ஆனால் ஈயம் குறைவு என்பதால் வலை அடியைத் தொடுவதற்குள் ஷாட் கூட்டம் கலைந்துவிடும். மூன்றாம் ஆண்டு ஆறடிக்கு மாறினேன். வலைக்கண்ணின் அளவு எட்டில் மூன்று அங்குலம். இதைவிடப் பெரிய கண்ணில் திரெட்ஃபின் செவுள் மாட்டிக்கொண்டு தொங்கும். அப்படி மாட்டியவை எதுவும் பத்து நிமிடம் தாண்டுவதில்லை.

வீசக் கற்றுக்கொடுத்தவர் என் மாமனார். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் வளர்ந்தவர், இளம் வயதில் மடவைக்கு வலை வீசியவர். 2019 கோடையில் எங்களுடன் தங்க வந்தபோது அவருக்கும் மீன்பிடி அனுமதி எடுத்து ஏரிக்கு அழைத்துப் போனேன். அதுவரை நான் படங்களில் பார்த்தபடி ஈயக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு வீசிக்கொண்டிருந்தேன். வலை வாழை இலைபோல் நீளமாகத்தான் விழும். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு வலையை வாங்கிக்கொண்டார். பாதியை இடது முழங்கைமேல் போட்டு, மீதியை வலது கையில் கொசுவி, ஒரு முறை உடம்பைப் பின்னே திருப்பி விட்டார். வட்டம் நிறைந்து விழுந்தது. "கையால் எறியாதீர்கள் மாப்பிள்ளை. இடுப்பு திரும்பட்டும், வலை தானாக விரியும்" என்றார். பிறகு, "மீன் நிற்கும் இடத்தில் வீசாதீர்கள், அது போகும் இடத்தில் வீசுங்கள்" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகு என் வீச்சு மாறியது. வலையில் துள்ளிய ஷாட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "இது நம் மத்திக்குச் சொந்தமல்லவா" என்றும் கேட்டார். ஆம், மத்தியும் உல்லமும் இதற்கு உறவுதான். முள்ளும் அதே அளவு.

எங்கே வீசுவது என்பது காலத்தைப் பொறுத்தது. மே மாதத்தில் விடியலுக்கு முன் அணை ஓரத்துக் கற்குவியல்களை ஒட்டி ஷாட் முட்டையிட வரும். தண்ணீர் கொதிப்பதுபோல் தெரியும். வலை கல்லில் கிழியும் ஆபத்து அங்கே அதிகம், ஆகவே கல்லுக்கு இரண்டடி வெளியே வீச வேண்டும். கோடையில் படகுத் துறை விளக்குகளின் கீழே இரவில் கூடும். மற்ற நாட்களில் முந்தைய நாள் காற்று எந்தக் கரையை அடித்ததோ அந்தக் கரையின் ஓடை வாய்களில் தேடுவேன். வீசி முடித்த வலையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். நைலானை ஏரித் தண்ணீரைவிட வெயில்தான் சீக்கிரம் கெடுக்கிறது. என் ஆறடி வலை ஐந்தாவது ஆண்டில் இருக்கிறது, இரண்டு இடத்தில் தைத்திருக்கிறேன்.

இனி தொட்டி. முதல் ஆண்டு, 2017இல், சதுரமான ஐஸ் பெட்டியில் பேட்டரியில் ஓடும் காற்றுக் குமிழி ஒன்றைப் போட்டு அதுவே போதும் என்று நம்பினேன். ஜூலை மாதத்து விடியலில் ஐம்பது ஷாட் பிடித்தேன். நாற்பது நிமிடத்தில் பாதி மல்லாந்துவிட்டன. எஞ்சியவற்றின் மூக்கு சிவந்திருந்தது. கரையில் இரை விற்கும் முதியவர் அதைப் பார்த்ததுமே காரணம் சொல்லிவிட்டார். ஷாட் நிற்காமல் நீந்தும் மீன். மூலை கிடைத்தால் அதில் போய் முட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, மூக்கைக் காயப்படுத்திக்கொண்டு, மூச்சுக்கு நீர் போதாமல் சாகும். அதற்கு முடிவில்லாத சுவர் வேண்டும். வட்டத் தொட்டியில் பம்பு தண்ணீரைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பாய்ச்சும். தொட்டி முழுதும் மெல்ல ஒரு சுழல் உண்டாகும். மீன்கள் எல்லாம் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஒரே திசையில் தலை வைத்து வரிசையாக நீந்தும். முதல் முறை மூடியைத் திறந்து அந்த வரிசையைப் பார்த்தபோது கொடுத்த பணம் வீணில்லை என்று தெரிந்துவிட்டது.

ஆனால் தொட்டி மட்டும் போதாது. எனக்குப் பழகிப்போன முறை இது. ஷாட் பிடிக்கும் இடத்திலேயே ஏரித் தண்ணீரை நிரப்புகிறேன். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். அயோடின் சேர்க்காத கல்லுப்பு இரண்டு கோப்பை. வழுவழுப்புப் படலம் கழன்ற மீனின் உடல் சமநிலை கெடாமல் இருக்க அது உதவுகிறது. கோடையில் மூடி இறுகிய பாட்டிலில் உறைய வைத்த தண்ணீர் ஒன்றை மிதக்க விடுவேன். சூடான நீரில் உயிர்வாயு குறைவாகவே கரையும், மீனின் தேவையோ அப்போதுதான் அதிகம். ஆனால் திடீரென்று குளிர்விக்கக் கூடாது, அதுவும் கொல்லும். எண்ணிக்கையில் கண்டிப்பாக இருங்கள்: நான்கு லிட்டருக்கு ஒரு மீன், அதாவது என் தொட்டிக்கு முப்பதுக்குள். வலையில் நூறு விழுந்தாலும் எழுபதைத் திருப்பி விட்டுவிட வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டைக் கற்க எனக்கு இரண்டு கோடைகள் ஆயின. நூறைப் போட்ட நாட்களில் பத்துதான் உயிரோடு கிடைத்தது. முப்பதைப் போட்டால் மதியம் வரை இருபத்தைந்து நிற்கிறது.

தொட்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 115 கிலோ. சிறிய படகில் நடுவில் வைக்காவிட்டால் படகு சாயும். வடிகட்டிப் பஞ்சில் செதில் அடைத்துக்கொள்ளும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பிழிந்து கழுவியாக வேண்டும். கூடவே வந்த பம்பு இரண்டாம் கோடையில் நின்றது. அன்று காலை என்ன நடந்தது என்று விவரிக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து மாற்றுப் பம்பு ஒன்று படகில் எப்போதும் இருக்கிறது. பம்புக்குத் தனி பேட்டரியும் வைத்தேன், இல்லையென்றால் படகின் எஞ்சின் கிளம்பாமல் நடு ஏரியில் நிற்க நேரும். வடிகால் வாயின் ரப்பர் வளையத்தை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். தொட்டியின் உடம்பில் ஒரு விரிசலும் இல்லை.

கோல், ரீல் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. நுனி மென்மையாகவும் அடி உறுதியாகவும் இருக்கும் ஏழரை அடிக் கோல், 20 பவுண்டு நரம்பு, இரண்டு அவுன்ஸ் ஈயம், அதன்கீழே மூன்றடி நீளத்தில் தண்ணீரில் எளிதில் தெரியாத ஃப்ளோரோகார்பன் நரம்பு. ஈயத்தை, நீருக்குள் மீன் நிற்பதைக் காட்டும் சோனார் கருவியில் தெரியும் மீன்களுக்குச் சற்று மேலே நிறுத்துகிறேன். ஸ்ட்ரைப்பர் மேல்நோக்கிப் பார்த்து இரை தேடுகிறது. கீழே தொங்கும் இரையை அது கவனிப்பதே அபூர்வம். படகு நகர்ந்தால் ஷாட்டின் மூக்குத் துளைகள் வழியாக முள்ளை மாட்டுவேன், படகு நின்றால் முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே இரையை விட்டு வைப்பதில்லை.

முள்ளைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2020 வரை சாதாரண வளைவு முள்ளையே பயன்படுத்தினேன். ஸ்ட்ரைப்பர் உயிர் இரையை விழுங்கும் வேகத்தில் முள் தொண்டைக்குள் போய்விடும். சிறிய மீன்களைத் திருப்பி விட்டாலும் இரத்தம் வடிந்தபடி மிதப்பதைப் பார்க்க நேர்ந்தது. அந்தக் காட்சி என்னை மிகவும் வருத்தியது. பிறகு நுனி உள்நோக்கித் திரும்பிய வட்ட முள்ளுக்கு மாறினேன். 2021இல் இருந்து அட்லாண்டிக் கரை மாநிலங்களில் ஸ்ட்ரைப்பருக்கு இயற்கை இரை போடும் பொழுதுபோக்கு மீனவர்கள் வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது. டெக்ஸோமாவுக்கு அந்த விதி பொருந்தாது, ஆனாலும் நான் திரும்பிப் போக மாட்டேன். பத்து மீனில் எட்டுக்காவது முள் வாயோரத்தில்தான் மாட்டுகிறது.

பழகுவதுதான் கடினம். ஊரில் குளத்தில் தவளைக் குஞ்சை மாட்டி விரால் பிடித்த கை என்னுடையது. மீன் இழுத்ததும் வெட்டி இழுப்பது இரத்தத்தில் ஊறியிருக்கிறது. வட்ட முள்ளில் வெட்டி இழுத்தால் அது வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். கோலைத் தாங்கியிலேயே விட்டுவிட்டு, நுனி வளைந்து தண்ணீரைத் தொடும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று, அதன்பிறகு ரீலைச் சுற்றத் தொடங்க வேண்டும். முதல் மாதம் எத்தனையோ மீன்களை இழந்தேன்.

வட்ட முள் இருந்தாலும் கடும் கோடையில் பிடித்த மீனைத் திருப்பி விடுவதை நான் நிறுத்திவிட்டேன். ஆழத்தின் குளிரிலிருந்து சூடான மேல்நீருக்கு இழுத்து வந்த ஸ்ட்ரைப்பர் நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. டெக்ஸோமாவில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து மீன், அவற்றில் 20 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவை இரண்டு மட்டும். ஜூலை, ஆகஸ்டில் வீட்டுக்குத் தேவையான நான்கைந்து கிடைத்ததும் கோல்களைச் சுருட்டிவிடுகிறேன். பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையை நீக்கிவிட்டுப் புளி கரைத்துக் குழம்பு வைத்துப் பாருங்கள், வாடை துளியும் இருக்காது.

திரும்பும் நேரத்தில் ஒரு வேலை கட்டாயம். 2009இல் டெக்சஸிலேயே முதன்முதலாக வரிச் சிப்பிகள் (zebra mussel என்ற, வெளியிலிருந்து வந்து வேகமாகப் பரவும் சிறு சிப்பிகள்) இந்த ஏரியில்தான் தென்பட்டன. கண்ணுக்குத் தெரியாத அவற்றின் குஞ்சுகள் தொட்டித் தண்ணீரிலேயே அடுத்த ஏரிக்குப் பயணம் போய்விடும். அதனால் படகிலும் தொட்டியிலும் உள்ள நீரை வடித்த பிறகே சாலையில் ஏற வேண்டும் என்பது சட்டம். மீதமுள்ள ஷாட்களைப் பிடித்த ஓடை வாயிலேயே விட்டுவிடுகிறேன், செத்தவற்றைக் கெளுத்திக்கென்று ஐஸ் பெட்டியில் போட்டுவிடுகிறேன். பிறகு துறைச் சரிவில் வண்டியை நிறுத்தி, வடிகாலைத் திறந்து, கடைசித் துளிவரை வடிகிறதா என்று கை விட்டுப் பார்க்கிறேன். அடுத்த சனிக்கிழமை வரை தொட்டி எங்கள் வீட்டுப் பின்புறத்தில், மூடி திறந்தபடி, வெயிலில் கவிழ்ந்து கிடக்கும்.