கதிர்காம நடைக்கு எங்கே போய்ச் சேர்வது? வன்னியில் இருந்து மூன்று தொடக்கங்கள்

கதிர்காமப் பாதயாத்திரைக்குப் போவதென்று தீர்மானித்த வன்னி அடியார்கள் பெரும்பாலும் எத்தனை நாள் நடப்பது என்பதைத்தான் முதலில் கணக்கிடுகிறார்கள். நடையை எந்த இடத்தில் தொடங்குவது, அந்த இடத்துக்குப் பொதுப் போக்குவரத்தில் எப்படிப் போய்ச் சேர்வது என்பவற்றைக் கடைசி வாரத்தில் யோசிப்பதால், நடக்கும் முன்பே உடம்பு களைத்துவிடுகிறது. வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்கும் தெற்கே உகந்தைமலைக்கும் இடையில் வன்னி அமைந்திருப்பதால், சந்நிதி, முல்லைத்தீவு வற்றாப்பளை, உகந்தை ஆகிய மூன்றில் ஒன்றை நாம் தெரிந்தெடுக்கலாம். இவை மூன்றையும் போக்குவரத்தின் கண்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மரபான தொடக்கம் சந்நிதியே. கதிர்காமத்தைப் போலவே வாய் கட்டிப் பூசை செய்யும் முருகன் தலம் என்பதால், அங்கே வேலை வணங்கிப் புறப்படுவதற்கு ஈடில்லை என்று கருதுவோர் பலர் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ அங்கு போவது கடினமன்று. ஏ-9 வீதியில் யாழ்ப்பாணம் செல்லும் பேருந்துகள் நாள் முழுவதும் ஓடுகின்றன. 1990இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதச் சேவையும் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டு வந்துவிட்டது. தெரிவு எழுவது அதற்கு அப்பால்தான். கொடிகாமத்தில் இறங்கிப் பருத்தித்துறைப் பேருந்தைப் பிடித்து, வடமராட்சிக்குள் இன்னொரு முறை மாறித் தொண்டைமானாறு போகலாம், தூரம் குறைவு. யாழ்ப்பாண நகரம் வரை போய், அச்சுவேலி வழியாக வல்வெட்டித்துறைப் பக்கம் செல்லும் பேருந்தில் ஏறினால் தூரம் கூடினாலும் மாறுவது ஒரே முறை. அது புறப்படும் நிலையத்திலேயே ஏறுவதால் இருக்கை கிடைக்கும், மூட்டையை வைக்கவும் இடமிருக்கும். முதியவர்களோடு போகிறவர்களுக்கு நான் யாழ்ப்பாண வழியையே சொல்வேன். மன்னார்ப் பக்கத்து அடியார்கள் வவுனியாவுக்கு வந்து சுற்ற வேண்டியதில்லை. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, பூநகரி வழியாக நேரே யாழ்ப்பாணம் போய்விடலாம்.

எந்த வழியில் போனாலும் முதல் நாள் பின்னேரமே சந்நிதியை அடைந்துவிட வேண்டும். அதிகாலையில் வன்னியில் ஏறிக் காலைப் பூசையோடு புறப்படும் குழுவைப் பிடிக்கலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பிழைத்துவிடும். அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற கோயிலின் சூழலில் மடங்கள் இருப்பதால் இரவுத் தங்கலும் சாப்பாடும் அங்கே பெருங்கவலை ஆவதில்லை. சந்நிதித் தொடக்கத்தின் பெரும் பலம் அதுவே.

ஆனாலும் வன்னியில் வாழும் ஒருவர் வடக்கே சந்நிதி வரை பேருந்தில் போய், அங்கிருந்து நடந்து திரும்பவும் தன் மாவட்டத்துக்குள்ளேயே வருகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. நாற்பது நாளுக்கு மேற்பட்ட முழு நடையையும் நேர்த்தியாக வைத்தவர்களுக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலே இயல்பான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. சந்நிதியில் புறப்பட்ட அடியார்கள் வைகாசிப் பொங்கலையொட்டி அங்கே வந்து தங்கிச் செல்வது வழக்கமாதலால், அவர்களோடு சேர்ந்துகொள்ள அதைவிட ஏற்ற இடம் வேறில்லை. சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுத்த கடல்நீர், முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்காக எரிந்து வற்றாப்பளைக்கு வரும் அந்த நாள்களை விடச் சிறந்த புறப்பாட்டு வேளை வன்னியாருக்கு வாய்க்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

போக்குவரத்திலும் வற்றாப்பளை முந்தி நிற்கிறது. கிளிநொச்சியில் இருந்து பரந்தன், புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம் வழியாக முல்லைத்தீவு நகருக்குப் போகலாம். ஆனால் அப்படிப் போனால் நகரில் இறங்கிக் கோயிலுக்குத் திரும்பி வர வேண்டும். மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் வழியாக வரும் பேருந்து, நகரை அடையும் முன்பே தண்ணீரூற்றையும் முள்ளியவளையையும் கடப்பதால், அங்கே இறங்கினால் மிச்சத் தூரம் சிறிது. மாங்குளத்தில் புகையிரத நிலையமும் உண்டு. கடுகதி வண்டிகள் எல்லாம் அங்கே நிற்பதில்லை என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. வவுனியாவின் கிழக்குப் பகுதியில் இருப்பவர்களுக்குப் புளியங்குளம், நெடுங்கேணி வழி இன்னும் சுருக்கம். பொங்கல் நாளில் பல திசைகளில் இருந்தும் சிறப்புச் சேவைகள் விடப்படுவதால் போவது எளிதுதான். எனினும் அன்றைய நெரிசலில் பெரிய மூட்டையோடு ஏறுவது முடியாத காரியம். ஒரு நாள் முந்திப் போய்விடுங்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் விடுமுறை கிடைக்காதவர்களுக்கு உகந்தை ஒன்றே வழி. உகந்தைமலை முருகன் கோயிலில் இருந்து வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று குமண, யால காடுகளுக்குள்ளால் போகும் நடை ஏறத்தாழ ஐந்து நாளில் முடிகிறது. நடை குறுகியதே தவிர, வன்னியில் இருந்து அங்கே போய்ச் சேரும் பயணம் மூன்றிலும் மிக நீண்டது. காட்டுப்பாதை ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் சில நாள்களுக்கு மட்டுமே திறக்கப்படுவதால், பிந்திப் போனவருக்கு மறுவாய்ப்பும் கிடையாது.

மட்டக்களப்பு வரை இரண்டு வழிகள் இருக்கின்றன. வவுனியாவில் புகையிரதம் ஏறித் தெற்கே மாகோ சந்தி வரை போய், அங்கே கொழும்பில் இருந்து வரும் மட்டக்களப்பு வண்டிக்கு மாறலாம். வரைபடத்தில் பார்த்தால் வசதியாகத் தெரியும். இருந்துகொண்டே போகலாம், கழிப்பறையும் உண்டு. ஆனால் மட்டக்களப்புக்கு ஒரு நாளில் ஓடும் வண்டிகள் மிகச் சில என்பதால், முதல் வண்டி தாமதித்து இணைப்புத் தவறினால் மாகோவில் பல மணி நேரம் காத்திருக்க நேரிடும். மற்றையது, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் பேருந்தில் போய், கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாக இறங்கும் வழி. ஒரு காலத்தில் அந்த வீதியில் மிதவைப் பாதைகளில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலமும் அதனைத் தொடர்ந்து மற்றப் பாலங்களும் வந்த பின் அந்தத் தடை நீங்கிவிட்டது. ஒரு பேருந்து தவறினாலும் அடுத்தது வரும் என்பதாலும், நடந்து போகும் அடியார்கள் தங்கிச் செல்லும் வெருகல் முருகன் தலமான வெருகலம்பதி வழியிலேயே இருப்பதாலும், நான் கரையோர வழியையே தெரிவேன். இவற்றைத் தவிர, யாழ்ப்பாணத்தில் இருந்து கிழக்குக்குச் செல்லும் நெடுந்தூர இரவுப் பேருந்துகளில் வவுனியாவில் ஏறிக்கொள்ளலாம் என்றாலும், முன்பதிவு இல்லாமல் இடையில் ஏறுபவருக்கு இருக்கை நிச்சயமில்லை.

மட்டக்களப்போடு தண்டவாளம் முடிகிறது. அதற்கப்பால் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று நூறு கிலோமீற்றருக்கு மேல் பேருந்துதான். காலையில் வவுனியாவை விட்டவர் அக்கரைப்பற்றையோ திருக்கோவிலையோ அடையும்போது பொழுது சாய்ந்துவிடும். அன்றிரவு அங்கே தங்குவதே புத்தி. காரணம், பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை வரைதான் வழக்கமான பேருந்து உண்டு, அதுவும் அடிக்கடி இல்லை. பாணமையில் இருந்து உகந்தை வரையான பாதை காட்டோரமாகப் போகிறது. இருட்டிய பிறகு யானை நடமாட்டம் உள்ள இடம். கோயில் திருவிழா நாள்களில் அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கமிருந்து சிறப்புப் பேருந்துகள் உகந்தை வரையே போகும். ஆனால் காட்டுப்பாதை கொடியேற்றத்துக்கு முன்பே திறக்கப்படுவதால், அந்தப் பேருந்துகளை நம்பி நாளைக் குறிக்கக் கூடாது. பேருந்து கிடைக்காத காலையில் பொத்துவில் தரிப்பிடத்தில் வேலும் துணிமூட்டையுமாக நிற்கும் அடியார்கள் எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து, ஒரு வாகனத்தைப் பிடித்துக் கூலியைப் பங்கிட்டுக்கொள்வார்கள். தனியாக வந்தவர் தயங்காமல் அவர்களைக் கேட்கலாம்.

உகந்தை வழியில் போகிறவர்கள் மூட்டையிலும் கவனம் வைக்க வேண்டும். காட்டுக்குள் கடை இல்லாததால் ஐந்து நாளுக்குரிய அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, தண்ணீர்க் கலன் எல்லாவற்றையும் தோளில் சுமக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அவற்றை வீட்டிலேயே கட்டி நாலைந்து பேருந்து ஏற்றி இறக்குவது வீண் பாடு. உடுப்பையும் மருந்தையும் மட்டும் வன்னியில் இருந்து கொண்டுபோய், தங்கும் ஊரான அக்கரைப்பற்றிலோ மறுநாள் பொத்துவிலிலோ மற்றவற்றை வாங்கிக்கொண்டால், பாணமைப் பேருந்தில் ஏறும் வரை தோள் ஓய்ந்திருக்கும்.