கிரானைட் தூசியும் 120 மி.மீ. ஃபேனும்

கிருஷ்ணகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சித்தப்பா மகன் போன ஏப்ரலில் கூப்பிட்டான். "அண்ணா, ரெண்டர் போட்டா கம்ப்யூட்டர் மாவு மில்லு மாதிரி கத்துது. நல்ல ஃபேனா ஒண்ணு சொல்லுண்ணா, பெங்களூர் போறப்ப எஸ்.பி. ரோட்டுல வாங்கிட்டு வந்துடறேன்." அவனிடம் இருந்தது நான்கு வெப்பக் குழாய் வைத்த சாதாரண டவர் ஹீட்சிங்க் (ப்ராசசரின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் தகடு அடுக்கு), அதன் மேல் வண்ண விளக்கு எரியும் 120 மி.மீ. ஃபேன். போனிலேயே ஒரு பெயரைச் சொல்லியிருப்பேன். தருமபுரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தானே என்று நேரில் போய்ப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் ஃபேன். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது காற்றின் அளவு, அதாவது சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி). எதிரே எந்தத் தடையும் இல்லாமல் அளந்த எண் அது. ஹீட்சிங்க்கில் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அதற்குள் காற்று நுழைய அழுத்தம் வேண்டும். அழுத்தத்தை மி.மீ. நீர் என்ற கணக்கில் பொடி எழுத்தில் ஓரமாகப் போட்டிருப்பார்கள். மலிவான விளக்கு ஃபேன் பலவற்றின் பெட்டியில் அந்த வரியே இருக்காது. அப்படிப்பட்டதை ஹீட்சிங்க்குக்கு நான் வாங்க மாட்டேன்.

நான் எடை போட்டுப் பார்த்தது இரண்டு கம்பெனி ஃபேன். ஆர்க்டிக் பி12: நிமிடத்துக்கு 1800 சுற்று, 56.3 சி.எஃப்.எம்., 2.20 மி.மீ. நாக்டுவாவின் ஏ12எக்ஸ்25: 2000 சுற்று, 60.1 சி.எஃப்.எம்., 2.34 மி.மீ. காற்று சுற்றுக்கு நேராக ஏறும், அழுத்தம் சுற்றின் வர்க்கமாக ஏறும். அந்தக் கணக்கில் நாக்டுவாவை 1800-க்கு இறக்கினால் 54 சி.எஃப்.எம்., 1.9 மி.மீ. வருகிறது. காகிதத்தில் அண்ணன் தம்பிதான். விலையில்தான் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். அந்தக் கூடுதல் காசு வேறு எங்கேயோ போகிறது: இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளி, மூலைகளில் ரப்பர், காதை உறுத்தாத சத்தம். வீட்டில் குரல் பதிவு செய்கிறவர் என்றால் தயங்காமல் நாக்டுவா வாங்கலாம், அந்தப் பழுப்பு நிறத்தைச் சகித்துக்கொள்ள முடிந்தால். மேலே சீலிங் ஃபேன், வெளியே சேலம் ரோட்டு லாரி ஹாரன் என்று இருக்கும் ஸ்டுடியோவில் அந்த நயம் யார் காதிலும் விழாது. பி12 போதும்.

எந்த ஃபேன் மாட்டினாலும் நம் ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹீட்சிங்க் வெப்பத்தை அறைக் காற்றுக்குத்தான் கொடுக்கிறது. ஜனவரியில் அறை 25 டிகிரியாக இருக்கும்போது ப்ராசசர் 65-இல் நின்றால், மே மாதம் 37 டிகிரி அறையில் அதே வேலைக்கு 77 பக்கம் போகும். அது ஃபேன் பழுது இல்லை. ஓசூர்க்காரர் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு தருமபுரிக்காரர் ஃபேன் மாற்றக் கிளம்ப வேண்டாம்.

அடுத்தது எந்தப் பக்கம் மாட்டுவது. வழக்கமாக முன்பக்கம் மாட்டித் தகடுக்குள் ஊதவிடுவார்கள். பின்பக்கம் மாட்டி உறிஞ்சவும் விடலாம். ஊதும் ஃபேனுக்குத் தடையில்லாத காற்று கிடைப்பதால் சத்தம் குறைவு, குளிர்ச்சியும் ஒரு பிடி அதிகம். உறிஞ்சும் ஃபேனோ தகடுகளுக்கு நடுவே கலங்கி வரும் காற்றை வெட்டுவதால் கொஞ்சம் இரையும். எந்தப் புத்தகமும் முதலாவதைத்தான் சொல்லும். ஆனால் சுற்றிலும் கல் அறுக்கும் பட்டறை இருக்கும் ஊரில் தூசிக்கும் ஓர் ஓட்டு உண்டு. ஊதும் ஃபேன் என்றால் அதற்கும் தகடுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அவனுடையதைக் கழற்றியபோது கம்பளியை ஒரே துண்டாக உரித்து எடுத்தேன். உறிஞ்சும் ஃபேன் என்றால் தூசி தகட்டின் முகத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி படியும், பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். பக்கத்தில் நிற்கும் ரேம் (நினைவக அட்டை) உயரமாக இருந்து முன்பக்கம் இடிக்கிறது என்றாலும் நான் பின்பக்கத்தைத்தான் சொல்வேன்.

இரண்டு பக்கமும் இரண்டு ஃபேனா? நான்கு குழாய் ஹீட்சிங்க்கில் இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் பெரிது. சத்தம் கூடும், துடைக்க வேண்டியதும் இரண்டாகும். விடுங்கள்.

சரி, மாட்டும் விதம். சுற்றி இறக்கும் ஸ்க்ரூவை விட, மூலைத் துளையில் நுழைந்து ஹீட்சிங்க் பள்ளத்தில் கொக்கி போடும் கம்பிக் கிளிப்புதான் எனக்குப் பிடிக்கும். ஒரு நிமிடத்தில் கழற்றலாம், துடைக்கலாம், திரும்பப் போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டிய ஊரில் இதுதான் பெரிய விஷயம். கிளிப் 25 மி.மீ. தடிமனுக்கு வளைத்தது, இடம் இல்லையென்று 15 மி.மீ. ஒல்லி ஃபேன் வாங்கினால் தொளதொளவென்று நிற்கும், அப்புறம் அதிரும். கிளிப் தொலைந்துபோனால் நைலான் டை போட்டு இழுத்துக் கட்டுங்கள், கேவலம் ஒன்றும் இல்லை. ப்ளோயர் அடிக்கும்போது மட்டும் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

அவன் சிஸ்டத்தில் நிஜமான கோளாறு இனிதான். அசெம்பிள் செய்த கடையில் ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். கேபினட்டின் பின்பக்க ஃபேன் வெளியே தள்ள, இது எதிர்த்திசையில் முன்னே தள்ள, நடுவில் காற்று இழுபறி. மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். சந்தேகம் இருந்தால் ஊதுபத்தியைக் காட்டுங்கள், புகை சொல்லிவிடும்.

இன்னொன்று, அது மூன்று பின் (மதர்போர்டில் செருகும் ஊசி) உள்ள ஃபேன். நான்கு பின் என்றால் மதர்போர்டு நான்காவது கம்பி வழியே வேகத்தைச் சொல்லும், இதுதான் பி.டபிள்யூ.எம். முறை. மூன்று பின் ஃபேனின் வேகத்தை மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் இறக்க முடியும், அது டி.சி. முறை. போர்டு பி.டபிள்யூ.எம். முறையிலேயே இருந்ததால் ஃபேனுக்கு 12 வோல்ட் முழுசாகப் போய்க்கொண்டிருந்தது. மாவு மில் சத்தம் அதுதான். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) டி.சி. என்று மாற்றி, ஃபேனையும் நேராகத் திருப்பி மாட்டிய அன்று சாயங்காலமே பாதி சத்தம் அடங்கியது.

பி12 அடுத்த வாரம் வந்தது. தூசிக்காகப் பின்பக்கமே மாட்டினோம். பழைய விளக்கு ஃபேன் இப்போது கேபினட்டின் முன்வாசலில் தடையில்லாமல் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆல்பம் பார்க்க வருகிற பொண்ணு வீட்டுக்காரர்களுக்கு அந்த விளக்கு பிடித்திருக்கிறதாம்.